நேசல் ஸ்ப்ரே சிமுலேஷன்ல மருந்து போய்ச் சேரலையா? அறிகுறிய வச்சுப் பிழையப் பிடிக்கலாம்

கோவிட் டெஸ்ட்டுக்கு மூக்குக்குள்ள குச்சிய ஆழமா விட்டு சுழட்டி எடுப்பாங்களே, அந்த இடம்தான் நேசோஃபேரிங்ஸ். மூக்குக்குப் பின்னாடி, அண்ணத்துக்கு மேல இருக்கு. 2020ல அமெரிக்காவுல நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துல பண்ண ஆராய்ச்சியில, சார்ஸ்-கோவி-2 (கோவிட் வைரஸ்) பிடிச்சுக்கிற ஏசிஇ2 ரிசெப்டர், அதாவது செல் மேல இருக்கற ஒரு புரதம், மூக்குலதான் அதிகம், நுரையீரலுக்குள்ள கீழ போகப் போகக் குறையுதுன்னு காட்டினாங்க, வைரஸ் செல்லுக்குள்ள ஏறுறதும் அதே வரிசையிலதான் குறைஞ்சுது. அப்போ தொத்து ஆரம்பிக்கற இடத்துலயே மருந்த வச்சுத் தடுக்கணும்னா ஸ்ப்ரே துளி அங்க போய் ஒட்டணும். அது ஒட்டுதா இல்லையான்னு சிடி ஸ்கேன்லருந்து மூக்கக் கட்டி, காத்த ஓட்டி, துளியப் பறக்க விட்டுப் பாக்கறதுதான் இந்த வேலை. ஃப்ளூயன்ட், ஓப்பன்ஃபோம்னு காத்தோட்டத்தக் கணக்குப் போடற சாஃப்ட்வேர் எதுல பண்ணாலும் வர்ற சிக்கல் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஒண்ண மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நேசோஃபேரிங்ஸ்ல சைபர்னு ஒரு ரிசல்ட் வந்தா அது மாடலோட தப்பா இருக்கலாம், மூக்கோட உண்மையாவும் இருக்கலாம். ரெண்டையும் பிரிக்காம செட்டிங்க மாத்திக்கிட்டே இருந்தா கடைசில நமக்குப் பிடிச்ச நம்பர் வரும், அத நம்பி ஒருத்தர் பாட்டில் டிசைன் பண்ணுவாரு, அது நோயாளிக்கு உதவாது. அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல பேப்பர்ல ஒரு கைக்கணக்கு, அப்புறம்தான் மவுஸ்.

சால்வர் (சமன்பாட்டத் தீர்க்கற புரோகிராம்) ஓடின கொஞ்ச நேரத்துல வெடிக்குது, இல்லன்னா ரெசிடுவல் (கணக்குல மிச்சம் நிக்கற பிழை) இறங்கவே மாட்டேங்குது

யூனிட் பாருங்க. செக்மென்டேஷன், அதாவது ஸ்கேன்லருந்து மூக்கு வழியப் பிரிச்செடுக்கற சாஃப்ட்வேர்லருந்து வர்ற எஸ்டிஎல் ஃபைல் (3டி வடிவம்) மில்லிமீட்டர்ல இருக்கும், சால்வர் அத மீட்டர்னு எடுத்துக்கும், உங்க மூக்கு 100 மீட்டர் நீளத்துக்கு ஆகிடும். அதுல நாசித் துவாரத்துல நொடிக்கு 2 மீட்டர் வேகம்னு குடுத்தா ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரா இருக்கா, கலங்குதான்னு காட்டற எண்) லட்சக்கணக்குல போயிடும், லாமினார் (சீரான ஓட்டம்) செட்டிங்ல அது எப்படி அடங்கும். உண்மையான கணக்கு இப்படி: சும்மா உக்காந்து மூச்சு இழுக்கறப்போ நிமிஷத்துக்கு சுமார் 15 லிட்டர், அதாவது நொடிக்கு 250 மில்லிலிட்டர், ஒரு பக்கத்துக்கு 125. மூக்குக்குள்ள ரொம்ப இறுக்கமான இடம், நேசல் வால்வ்னு சொல்லுவாங்க, அங்க குறுக்குப் பரப்பு 0.7 சதுர செமீ மாதிரி வச்சுக்கிட்டா வேகம் நொடிக்கு 1.8 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் 700 பக்கம் வரும். இந்த ரேஞ்ச்ல இல்லன்னா ஸ்கேல் தப்பு.

யூனிட் சரின்னா மெஷ், அதாவது மூக்கு வழிய குட்டிக் குட்டி செல்லா வெட்டின வலை. டர்பினேட்டுக்கு (மூக்குக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற மடிப்பு) நடுவுல சந்து ரொம்ப குறுகலா இருக்கும், அங்க ஒரே ஒரு செல் வரிசைதான் விழுந்திருக்கும், இல்லன்னா ஸ்க்யூ ஆன (கோணலான) செல் நாலஞ்சு மாட்டியிருக்கும், சந்துக்குக் குறுக்க கட் எடுத்துப் பாத்தா கண்ணுக்கே தெரியும். அவுட்லெட்ட (காத்து வெளிய போற வாய்) தொண்டை வளையற இடத்துலயே வெட்டியிருந்தா காத்து திரும்பி உள்ள வரும், ரெசிடுவல் ஆடிக்கிட்டே இருக்கும், ஒரு நேரான குழாய கீழ நீட்டி விடுங்க போதும்.

ஓடுது, ஆனா பிரஷர் டிராப் நம்பற மாதிரி இல்ல

நிமிஷத்துக்கு 15 லிட்டர்ல நாசித் துவாரத்துலருந்து நேசோஃபேரிங்ஸ் வரைக்கும் 10லருந்து 20 பாஸ்கல் பக்கம் வந்தா சாதாரண மூக்கு. சைபர் மாதிரி வந்தா மேல சொன்ன ஸ்கேல் சமாச்சாரம். 100 பாஸ்கல் தாண்டினா எங்கயோ வழி அடைச்சிருக்கு, செக்மென்டேஷனுக்குத் திரும்பப் போங்க. ஓப்பன்ஃபோம்ல இன்கம்ப்ரஸிபிள் சால்வர்னா அது காட்டற பிரஷர் டென்சிட்டியால வகுத்தது, காத்தோட 1.2ஆல பெருக்கிட்டுத்தான் ஒப்பிடணும்.

ஒரு துளி கூட எங்கயும் ஒட்டல

இது சுலபம். ஃப்ளூயன்ட்ல சுவருக்கு டீஃபால்ட் ரிஃப்ளெக்ட்னு இருக்கும், துளி பந்து மாதிரி எகிறிப் போயிடும். மூக்கு சுவர்ல சளி ஈரம் இருக்கு, பட்டா ஒட்டிக்கும், அதனால ட்ராப் (பிடிச்சு வச்சுக்கற செட்டிங்). ஓப்பன்ஃபோம்ல ஸ்டிக். மூக்கோட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி சுவரா பேர் வச்சுப் பிரிச்சிருக்கணும், இல்லன்னா ஒட்டினாலும் எங்க ஒட்டுச்சுன்னு தெரியாது.

எல்லாத் துளியும் மூக்கு முன்னாடியே ஒட்டிருது, நேசோஃபேரிங்ஸ்ல சைபர்

பெரும்பாலானவங்க வந்து நிக்கற இடம் இதுதான், நிதானமா பாக்க வேண்டியதும் இதுதான்.

துளி காத்தோட வளையுமா, இல்ல நேரா போய் சுவர்ல மோதுமான்னு தீர்மானிக்கறது அதோட ரிலாக்சேஷன் டைம், அதாவது துளி காத்தோட வேகத்துக்கு ஒத்துப்போக எடுத்துக்கற நேரம். தண்ணி டென்சிட்டி, துளி விட்டத்தோட வர்க்கம், ரெண்டையும் பெருக்கி 18 தடவை காத்தோட விஸ்காசிட்டியால வகுக்கணும். 10 மைக்ரான் துளிக்கு 0.3 மில்லிசெகண்ட் வரும். விட்டம் வர்க்கமா வர்றதால 50 மைக்ரானுக்கு 25 மடங்கு, அதாவது 7.7 மில்லிசெகண்ட். இத வால்வ்ல உள்ள 1.8 மீட்டர் வேகத்தோட பெருக்குங்க: 10 மைக்ரான் துளி காத்து திரும்பினதும் அரை மில்லிமீட்டர்ல சமாளிச்சுத் திரும்பிடும், 50 மைக்ரான் துளிக்கு 14 மில்லிமீட்டர் வேணும். அங்க வழியோட அகலமே சில மில்லிமீட்டர்தான். அப்போ 50 மைக்ரான் துளி காத்த நம்பி நேசோஃபேரிங்ஸ் போகவே போகாது, முன்னாடியே ஒட்டும், மாடல் பொய் சொல்லல.

இதுக்கு மேல ஸ்ப்ரேயோட சொந்த வேகம் வேற இருக்கு. பம்ப்லருந்து வர்ற துளி நொடிக்கு 10 மீட்டர் பக்கம் கிளம்புது, அந்த வேகத்துல 50 மைக்ரான் துளி சில சென்டிமீட்டர் நேர்கோட்டுல பாயும், காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு அது கண்டுக்கவே கண்டுக்காது. அப்போ முக்கியமான கேள்வி நாசில் (ஸ்ப்ரே பாட்டில்ல துளி வெளிய வர்ற முனை) எந்தப் பக்கம் பாத்து இருக்கு. பாட்டில செங்குத்தா மேல நோக்கிப் பிடிச்சா நேர்கோடு மூக்கோட முன் கூரையில போய் முட்டும், அங்கயே ஒட்டி, கொஞ்ச நேரத்துல சொட்டி வெளிய வந்துரும், ஸ்ப்ரே அடிச்சதும் மேல் உதட்டுல ஈரம் தெரியறது இதனாலதான். சவுத் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துலருந்து இதே விஷயத்த மாடல் பண்ணினவங்க, நாசில முடிஞ்ச அளவு படுக்கை வாட்டுல வச்சு லேசா கன்னத்துப் பக்கம் திருப்பினா நேசோஃபேரிங்ஸ்ல சேர்ற அளவு பல மடங்கு கூடுதுன்னு 2023ல காட்டினாங்க. பாட்டில் அதே, மருந்து அதே, பிடிக்கற விதம் மட்டும் வேற. எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்ச ரிசல்ட் இதுதான், காசு செலவே இல்லாம வீட்டுல இருக்கறவங்க செய்யக்கூடிய மாற்றம்.

சரி, உங்க மாடல்ல என்ன பாக்கணும்? இன்ஜெக்ஷன் புள்ளி எவ்வளவு ஆழத்துல, எந்தக் கோணத்துல, கோன் ஆங்கிள் (ஸ்ப்ரே விரியற கோணம்) எவ்வளவு, கிளம்பற வேகம் என்னன்னு நாலையும் எழுதுங்க. நிறைய பேர் ஆரம்ப வேகத்த சைபர்னு விட்டுடறாங்க, அது ஸ்ப்ரே இல்ல, காத்துல மிதக்கற துகள சுவாசிக்கறது, நெபுலைசருக்கு வேணா சரி. இன்னொண்ணு, நாசிலோட நுனியிலருந்து நேசோஃபேரிங்ஸோட பின்சுவருக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க, அந்தக் கோடு வழில எந்த சதையையும் வெட்டாம போகற கோணம் ஏதாவது இருக்கான்னு தேடுங்க. அப்படி ஒரு கோணம் இருந்தும் சைபர் வந்தா மாடல்ல தப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு கோணமே இல்லாத மூக்கும் உண்டு, செப்டம் (மூக்கோட நடுச்சுவர்) வளைஞ்சிருக்கும், அவருக்கு சைபர்ங்கறதுதான் நிஜம்.

அந்த சவுத் டகோட்டா குழுவோட முந்தின வேலை, 2021ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்ல வந்தது, மூச்சோட உள்ள போற துளிகள்ல 2.5லருந்து 19 மைக்ரான் வரைக்கும் உள்ளதுதான் நேசோஃபேரிங்ஸ்ல நல்லா இறங்குதுன்னு கணக்குப் போட்டுச்சு. நம்ம கைக்கணக்கும் அதே பக்கம்தான் காட்டுது. ஆனா இத வச்சு உடனே "எல்லாத் துளியையும் 5 மைக்ரான் ஆக்கிடலாம்"னு போகாதீங்க, 10 மைக்ரானுக்குக் கீழ போகப் போக நிறைய துளி எங்கயும் ஒட்டாம நேரா நுரையீரலுக்கு இறங்கிடும், மூக்குக்குன்னு பண்ண மருந்து அங்க போறது நல்லதில்ல.

1 மைக்ரான் துளி கூட சுவர் பூரா அப்பிக்கிட்டு இருக்கு

இது மாடல் தப்புதான், பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். இவ்வளவு சின்ன துளி காத்தோடயே போயிடணும், அமைதியான மூச்சுல சில சதவீதத்துக்கு மேல ஒட்டக்கூடாது. கே-எப்சிலான் இல்லன்னா கே-ஒமேகா மாதிரி டர்புலன்ஸ் (கலங்கின ஓட்டம்) மாடலப் போட்டு கூடவே துளிய தற்செயலா ஆட்டற ரேண்டம் வாக் ஆப்ஷனையும் டிக் பண்ணியிருப்பீங்க. அந்த ரேண்டம் வாக் எல்லாத் திசையிலயும் ஒரே அளவு ஆட்டம் இருக்குன்னு வச்சுக்கிட்டு துளியத் தள்ளும், ஆனா நிஜத்துல சுவர் பக்கம் போகப் போக சுவர நோக்கின ஆட்டம்தான் மொதல்ல செத்துப் போகுது. அதனால சின்ன துளிகள இல்லாத சுழல் கொண்டுபோய் சுவர்ல அடிக்குது. நிமிஷத்துக்கு 15 லிட்டர்னா லாமினார்லயே ஓட்டுங்க. 30க்கு மேல போனா எல்இஎஸ் (பெரிய சுழல்கள நேரடியாவே கணக்குப் போடற முறை) பண்ண வசதி இருந்தா அதுதான் நல்லது, இல்லன்னா ரேண்டம் வாக்க அணைச்சு சராசரி ஓட்டத்துல மட்டும் துளிய விட்டு ஒண்ணு, சுவர் பக்கத்து ஆட்டத்தக் குறைக்கற திருத்தத்தோட ஒண்ணுன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சுவர ஒட்டி பிரிசம் லேயர் (மெல்லிய செல் அடுக்கு) இல்லாத மெஷ்லயும் இதே அறிகுறி வரும்.

இன்கம்ப்ளீட்னு ஆயிரக்கணக்குல வருது

துளி எங்கயோ சுழல்ல மாட்டி சுத்துது, சால்வர் படி எண்ணிக்கை தீர்ந்து நிறுத்திடுச்சு. ஸ்டெப் லிமிட்ட ஏத்துங்க, அப்பவும் மிச்சம் இருந்தா எங்க சுத்துதுன்னு டிராக் வரைஞ்சு பாருங்க. சைனஸ் உள்ளயா? அப்போ கன்னத்து சைனஸ் வரைக்கும் சேத்து செக்மென்ட் பண்ணியிருக்கீங்க, காத்து அங்க ஏறக்குறைய போகறதே இல்ல, வாசல்லயே மூடிடலாம். இன்கம்ப்ளீட் துளிகள "ஒட்டல" கணக்குல சத்தமில்லாம சேத்துடாதீங்க, அது எத்தனைன்னு எழுதுங்க.

கிராவிட்டியையும் இங்கயே பாத்துடுங்க. ஃப்ளூயன்ட்ல நீங்களா ஆன் பண்ணாதான் உண்டு. ஆன் பண்ணவங்கள்லயும் பாதி பேர் திசையத் தப்பா வைக்கறாங்க, ஏன்னா சிடி எடுத்தப்போ அவர் மல்லாக்கப் படுத்திருந்தாரு, ஸ்ப்ரே அடிக்கறப்போ உக்காந்திருப்பாரு. எலும்ப வச்சு தலை நேரா இருந்தா எது கீழன்னு பாத்து அந்தத் திசையப் போடுங்க.

ஒரு பக்க மூக்குல காத்தே போகல

இதுல அவசரப்பட்டு எதையும் சரி பண்ணாதீங்க. மூக்குல ஒரு பக்கம் வீங்கி இன்னொரு பக்கம் திறந்து சில மணி நேரத்துக்கு ஒருதடவை மாறிக்கிட்டே இருக்கும், ஆரோக்கியமானவங்களுக்கும் உண்டு, நேசல் சைக்கிள்னு பேரு. ஸ்கேன் எடுத்த நேரத்துல அந்தப் பக்கம் வீங்கியிருந்தா காத்து குறைவாத்தான் போகும்.

ஆனா செயற்கையா அடைச்சதும் இருக்கலாம். காத்துன்னு எடுக்க மைனஸ் 1024லருந்து மைனஸ் 300 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடில அடர்த்தியக் காட்டற அளவு) வரைக்கும் வைக்கறது வழக்கம், ஸ்லைஸ் தடிமன் 1 மில்லிமீட்டர் தாண்டினா குறுகலான சந்துல காத்தும் சதையும் ஒரே பிக்சல்ல கலந்து சாம்பல் நிறமா ஆகி இந்த எல்லைக்கு வெளிய போயிடும், சந்து மூடிக்கும். அதனால ஒரிஜினல் ஸ்லைஸ ஒவ்வொண்ணா நகத்தி அந்த இடத்துல கறுப்புக் கோடு தொடர்ந்து வருதான்னு கண்ணால பாருங்க. கோடு இருந்தா கையால திறக்கலாம், இல்லன்னா விட்டுடுங்க. முடிஞ்சா ஈஎன்டி டாக்டர் ஒருத்தர பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க, அவங்க அரை நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

இதுக்கு நேர் எதிரான அறிகுறியும் இருக்கு, ஒரு பக்கம் அடைச்ச மூக்குலயும் காத்து சரி பாதியா பிரியுது. ரெண்டு துவாரத்துலயும் ஒரே வேகத்தத் திணிச்சிருப்பீங்க. துவாரத்துல பிரஷர் சைபர், கீழ அவுட்லெட்ல மொத்த ஓட்டம்னு மாத்துங்க, எந்தப் பக்கம் எவ்வளவுன்னு மூக்கே முடிவு பண்ணிக்கட்டும்.

ஒவ்வொரு தடவை ஓட்டறப்பவும் வேற வேற நம்பர்

துளி எண்ணிக்கை பத்தல. 3000 துளி விடறீங்க, நேசோஃபேரிங்ஸ்ல 1 சதவீதம் சேருதுன்னு வச்சுக்குவோம், அது 30 துளி, தற்செயல் ஆட்டம் மட்டுமே கூட்டியோ குறைச்சோ 5 துளி, சில சமயம் 20ம் வரும் 40ம் வரும். அதப் பாத்துட்டு "கோணத்த மாத்தினதுல 30 சதவீதம் முன்னேற்றம்"னு எழுதறது பெரிய தப்பு. லட்சம் துளி விட்டா 1000, ஆட்டம் 30 பக்கம்தான். துளிய விடறது காத்த ஓட்டறத விட ரொம்ப மலிவு, தாராளமா விடுங்க. மெஷ்ஷ ரெண்டு மடங்கு நெருக்கினாலும் நம்பர் நிக்குதான்னும் பாருங்க, காத்து வேகத்தோட நம்பர் மாறாம நின்ன பிறகும் துளி ஒட்டற நம்பர் ஆடிக்கிட்டு இருக்கலாம், அதனால மெஷ் டெஸ்ட்ட டெபாசிஷன (துளி ஒட்டின அளவ) வச்சே பண்ணணும்.

துளி கணக்குல பிரமாதம், மருந்து கணக்குல ஒண்ணுமே இல்ல

மருந்து இருக்கறது கன அளவுலதான். 5 மைக்ரான் துளி 1000 சேந்தாத்தான் ஒரு 50 மைக்ரான் துளிக்குச் சமம். சாதாரண பம்ப்ல பெரும்பாலான மருந்து பெரிய துளிகள்லதான் போகுது, அப்போ 2.5லருந்து 19 மைக்ரான்ல உள்ளது 20 சதவீதம் போய்ச் சேந்தாலும் மொத்த டோஸ்ல அது துளியூண்டு. பாட்டிலோட உண்மையான சைஸ் டிஸ்ட்ரிபியூஷன லேசர் டிஃப்ராக்ஷன்ல (துளில பட்டு லேசர் ஒளி சிதறறத வச்சு) அளந்து வாங்கி, ஒவ்வொரு சைஸுக்கும் வந்த சதவீதத்த அதோட கன அளவால எடை போட்டுக் கூட்டுங்க. அந்த ஒரு நம்பர மட்டும்தான் வெளிய சொல்லணும்னு நான் நினைக்கறேன்.

வைரஸ் மாடல்ல மருந்து குடுத்தாலும் கோடு நகரவே மாட்டேங்குது

சேர்ந்த டோஸ எடுத்து உடம்புக்குள்ள வைரஸ் பெருகற சமன்பாட்டுல போடுவோம்: தொத்தாத செல், தொத்தின செல், வைரஸ்னு மூணு. இதுல மொதல்ல நேரத்தப் பாருங்க. வைரஸ் உச்சத்துக்கு வந்த பிறகு மருந்து குடுத்தா இந்த மாடல்ல பெருசா ஒண்ணும் நடக்காது, ஏன்னா தொத்தறதுக்கு செல்லே மிச்சமில்ல, அது பக் இல்ல. உச்சத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி குடுத்துப் பாருங்க, அப்பவும் நகரலன்னா மருந்து எந்த இடத்துல வேலை செய்யுதுன்னு பாருங்க: செல்லுக்குள்ள நுழையறதத் தடுக்கற மருந்துன்னா தொத்து விகிதத்துல குறைக்கணும், உள்ள காப்பி எடுக்கறதத் தடுக்கறதுன்னா உற்பத்தி விகிதத்துல.

மருந்து ஓவரா வேலை செய்யுதுன்னா திறன நாள் பூரா மாறாம வச்சிருப்பீங்க. மூக்குல சளி நகந்துக்கிட்டே இருக்கு, ஒட்டின மருந்துல பாதி 15, 20 நிமிஷத்துல தொண்டைக்குப் போய் முழுங்கிடுவோம். அத குறையற கோடா போட்டா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கணும்ங்கற கேள்விக்கு நேர்மையான பதில் வரும். பாராமீட்டர் ஃபிட் பண்றப்போ ஒவ்வொரு தடவையும் வேற செட் வருதுன்னா அதுவும் இயல்புதான், வைரஸ் அளவு மட்டும் டேட்டாவா இருந்தா ஆரம்ப செல் எண்ணிக்கையும் ஒரு செல் பண்ற வைரஸ் எண்ணிக்கையும் தனித்தனியா கிடைக்காது, பெருக்குத்தொகைதான் கிடைக்கும், ஒண்ண நிலையா வச்சுட்டு மத்தத ஃபிட் பண்ணுங்க. வைரஸ் மைனஸ்ல போச்சுன்னா டைம் ஸ்டெப்பக் குறைங்க, இல்லன்னா லாக் எடுத்து ஓட்டுங்க.

3டி பிரிண்ட் பண்ண மூக்குல அடிச்சுப் பாத்தா ஒத்துப்போகல

அதே சிடிலருந்து மூக்க பிரிண்ட் பண்ணி, உள்ள சார்-ஜெல் தடவி, ஸ்ப்ரே அடிச்சுப் பாப்பாங்க. அந்த ஜெல் தண்ணி பட்ட இடத்துல ஊதாவா மாறும். இதுல ரெண்டு விஷயம் கணக்கக் குழப்பும். ஒண்ணு, பிரிண்ட்ல துளி பட்ட இடத்துலயே நிக்காம ஒண்ணாச் சேந்து வழியும், ஊதாப் பட்டை கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டு போயிருக்கும், மாடல் மொதல் தடவை பட்ட இடத்த மட்டும்தான் எண்ணும். அதனால அடிச்சு சில செகண்டுக்குள்ள போட்டோ எடுத்து அதோட ஒப்பிடுங்க, இல்லன்னா வழியறதுக்குன்னு தனி மாடல் சேக்கணும். ரெண்டாவது, கையால பிடிச்சு அடிச்சா கோணம் ஒவ்வொரு தடவையும் மாறும், சில டிகிரி மாறினாலே நேசோஃபேரிங்ஸ் நம்பர் தலைகீழாகிடும், மேல சொன்ன நேர்கோட்டு சமாச்சாரம்தான். பாட்டில ஒரு ஸ்டாண்டுல மாட்டி, எத்தனை மில்லிமீட்டர் உள்ள, எத்தனை டிகிரி சாய்வு, எத்தனை டிகிரி கன்னத்துப் பக்கம்னு அளந்து, அதே மூணு நம்பர சிமுலேஷன்ல போட்டு, அந்தக் கோணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் 5 டிகிரி தள்ளி ரெண்டு ரன் சேத்து ஓட்டுங்க. பிரிண்ட்ல வந்த நம்பர் அந்த ரெண்டுக்கும் நடுவுல விழுந்தா மாடல் ஒத்துப்போகுதுன்னு எடுத்துக்கலாம், வெளிய விழுந்தா திரும்ப ஸ்ப்ரேயோட ஆரம்ப வேகத்துலருந்து தொடங்குங்க.